653 பேர்: அத்லெட்டிக்ஸ் அணியும் வராமல் போன ரசிகர்களும்

1979 ஏப்ரல் 17. கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரம். ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய கொலீசியம் மைதானத்தில், உள்ளூர் அணியான ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் சியாட்டில் மரைனர்ஸோடு ஆடியது. அன்றைக்கு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட பார்வையாளர் எண்ணிக்கை 653. ஆமாம், அறுநூற்று ஐம்பத்து மூன்று பேர்தான். அது விற்ற டிக்கெட்டுகளின் கணக்கு. உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் அதில் பாதிகூட இருக்க மாட்டார்கள் என்று அன்று அங்கே இருந்தவர்கள் சொல்வதுண்டு.

இதில் விசேஷம் என்னவென்றால், அதற்கு ஐந்தே வருஷம் முன்னால் இதே அணி 1972, 1973, 1974 என்று மூன்று வருஷம் தொடர்ந்து வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்திருந்தது. பேஸ்பால் வரலாற்றிலேயே நியூயார்க் யாங்கீஸைத் தவிர வேறு எந்த அணியும் அப்படி மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்ததில்லை. அப்படிப்பட்ட அணிக்கு ஐந்து வருஷத்தில் 653 பேர்!

தோற்கிற டீமை யார் பார்க்க வருவாங்க, இதில் ஆராய என்ன இருக்கு என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த ஒரு கிளப்பின் கதையைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால், இதே காட்சி வேறு வேறு ஊர்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பிலடெல்ஃபியாவில் ஒரு தடவை, கன்சாஸ் சிட்டியில் ஒரு தடவை, ஓக்லாண்டில் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் முதலாளி சொன்ன காரணம் ஒன்றுதான்: "கூட்டம் வரவில்லை." கூட்டம் ஏன் வரவில்லை என்ற கேள்வியை வரிசையாகப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக இது. ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடத்துக்கு வந்த அணி கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும். அங்கே தோல்விக்கு முதலாளியும் விலை கொடுக்க வேண்டும். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் அது கிடையாது. நம்ம ஐ.பி.எல். மாதிரிதான். கடைசியில் வந்தாலும் அடுத்த வருஷம் அதே லீக், அதே இடம். புதிதாக ஒருவர் பணம் இருக்கிறது என்று போட்டி அணி தொடங்கிவிடவும் முடியாது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பிரதேசம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு பெருமளவு இன்றுவரை இருக்கிறது.

ஆக, அணி தோற்றால் முதலாளிக்கு நஷ்டம் என்று நாம் நினைப்பது எப்போதும் உண்மையில்லை. சம்பளத்தைக் குறைத்துத் தோற்றாலும் தொலைக்காட்சிப் பணத்தில் பங்கு வரும், லீகின் வருமானப் பகிர்வில் பங்கு வரும், கிளப்பின் விற்பனை மதிப்பும் வருஷா வருஷம் ஏறும். ரசிகனுக்கு மட்டும்தான் தோல்வி முழுத் தோல்வி. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பிலடெல்ஃபியா: கட்டுவதும் கலைப்பதும்

அத்லெட்டிக்ஸ் 1901இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கியது. அதன் மேனேஜர் கானி மாக். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, 1950 வரை முழுசாக 50 சீசன் அவர்தான் மேனேஜர். போகப் போக முதலாளியும் அவரே. சட்டை போட்ட ஆட்டக்காரர்களுக்கு நடுவே கோட்டு, டை, தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில் எதிரணி மேனேஜர் ஜான் மெக்ரா, இந்தக் கிளப் ஒரு "வெள்ளை யானை", அதாவது வீண் செலவு என்று கிண்டல் பண்ணினார். மாக் அந்த யானையையே அணிச் சின்னமாக ஆக்கிவிட்டார். இன்றைக்கும் அது அணியின் சின்னமாக இருக்கிறது.

1910, 1911, 1913 ஆகிய வருஷங்களில் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார்கள். 1914இல் 99 ஆட்டம் ஜெயித்து இறுதிக்கு வந்து, பாஸ்டன் பிரேவ்ஸிடம் நான்குக்கு நான்கும் தோற்றார்கள். அந்தச் சமயத்தில் ஃபெடரல் லீக் என்று ஒரு போட்டி லீக் வந்து, ஆட்டக்காரர்களுக்கு அதிகச் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மாக் போட்டிபோட விரும்பவில்லை, அணியைக் கலைத்துவிட்டார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான எடி காலின்ஸை 50 ஆயிரம் டாலருக்குச் சிகாகோவுக்கு விற்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

விளைவு? 99 வெற்றியிலிருந்து அடுத்த வருஷமே 43க்கு விழுந்தது. 1916இல் 36 வெற்றி, 117 தோல்வி. 1915 முதல் 1921 வரை ஏழு வருஷம் தொடர்ந்து கடைசி இடம்.

மாக் மறுபடி கட்டினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜிம்மி ஃபாக்ஸ், லெஃப்டி குரோவ், மிக்கி காக்ரேன், அல் சிம்மன்ஸ் எல்லாம் சேர்ந்த அணி 1929, 1930 இரண்டு வருஷமும் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. 1931இல் 107 ஆட்டம் ஜெயித்தது. பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, கூட்டம் குறைந்தது, வங்கிக் கடன் நெருக்கியது. மாக் பழையபடி ஒவ்வொரு நட்சத்திரமாக விற்க ஆரம்பித்தார். 1935இல் கடைசி இடம். அதிலிருந்து 12 வருஷத்தில் 9 தடவை கடைசி இடம்.

இந்த இடத்தில் ஒரு சுவர் வருகிறது. அணியின் மைதானமான ஷைப் பார்க்கில் வலது பக்கச் சுவர் தாழ்வாக இருந்தது. எதிரே இருபதாவது தெருவில் வரிசை வீடுகள். அந்த வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் பெஞ்சு போட்டு ஆட்டம் பார்ப்பார்கள். பெரிய ஆட்டம் என்றால் காசு வாங்கிக்கொண்டு ஊராரையும் ஏற்றிவிடுவார்கள். நல்ல காலத்தில் கிளப் இதைப் பொறுத்துக்கொண்டது. நட்சத்திரங்களை விற்று அணி சரிந்த 1935இல், அந்தச் சுவரை 34 அடிக்கு உயர்த்திக் கட்டினார்கள். வயிற்றெரிச்சல் சுவர் என்ற அர்த்தத்தில் ஊரே அதற்குப் பெயர் வைத்தது. கடைசி இடத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு அணி, அந்த நிலையிலும் தன்னைப் பார்க்க மாடியேறிய மனுஷர்களைப் பார்க்கவிடாமல் பண்ணியது. வருமானத்துக்காகத்தான், புரிகிறது. ஆனால் அந்தத் தெருக்காரர்களோடு இருந்த உறவு அதோடு போச்சு.

பிலடெல்ஃபியாக்காரர்களுக்கு இந்த அணி வேண்டாமல் போய்விட்டதா என்றால், அப்படியும் இல்லை. 1948இல் அணி எப்படியோ நான்காவது இடத்துக்கு வந்தது. சாம்பியன்கூட இல்லை, வெறும் நான்காவது. அந்த வருஷம் 9 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். 1950இல் 102 தோல்வி, எண்ணிக்கை 3 லட்சத்துக்குச் சரிந்தது. அதே வருஷம் ஊரின் இன்னொரு அணியான ஃபிலீஸ் தன் லீகையே ஜெயித்தது. ஊர் மக்கள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். 1954இல் அத்லெட்டிக்ஸ் 103 ஆட்டம் தோற்றது. அந்த சீசனின் மொத்தப் பார்வையாளர்கள் 3,04,666 பேர். மாக் குடும்பத்துக்குள் சண்டை, கடன். அர்னால்ட் ஜான்சன் என்ற தொழிலதிபருக்கு அணியை விற்றார்கள், அவர் அதைக் கன்சாஸ் சிட்டிக்குக் கொண்டுபோனார்.

கன்சாஸ் சிட்டி: புது ஊர், பழைய கதை

1955இல் கன்சாஸ் சிட்டிக்கு ஒரு மேஜர் லீக் அணி. ஊர் திருவிழாக் கோலம். முதல் சீசனிலேயே 13.93 லட்சம் பேர் வந்தார்கள். முந்தைய வருஷம் பிலடெல்ஃபியாவில் வந்ததைப் போல நாலரை மடங்கு! அணி அப்போதும் சுமாரான அணிதான். ஆனால் புது நம்பிக்கைக்கு எந்த ஊரும் சில வருஷம் அவகாசம் கொடுக்கும்.

அந்த அவகாசத்தை அணி என்ன செய்தது? நல்ல ஆட்டக்காரர் யாராவது தலையெடுத்தால் அவர் நியூயார்க் யாங்கீஸுக்குப் போய்விடுவார். ஜான்சனுக்கும் யாங்கீஸ் முதலாளிகளுக்கும் பழைய வியாபாரத் தொடர்பு உண்டு. கன்சாஸ் சிட்டி அணியை வாங்கும் சமயத்தில் யாங்கீ ஸ்டேடியமே அவர் கையில்தான் இருந்தது. 1959 டிசம்பரில் ராஜர் மாரிஸ் இப்படித்தான் யாங்கீஸுக்குப் போனார். 1961இல் அவர் 61 ஹோம் ரன் அடித்து, பேப் ரூத்தின் 34 வருஷச் சாதனையை முறியடித்தார், யாங்கீஸ் சட்டையில். கன்சாஸ் சிட்டி யாங்கீஸின் பயிற்சிப் பட்டறை என்று நாடே சிரித்தது. உள்ளூர் ரசிகனுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்க.

1960இல் ஜான்சன் இறந்தார். அந்த டிசம்பரில் சார்லி ஃபின்லி அணியை வாங்கினார். சிகாகோவில் இன்ஷூரன்ஸ் தொழிலில் சம்பாதித்தவர். பச்சையும் பொன்மஞ்சளுமாகச் சட்டை, வெள்ளை ஷூ, அணிச் சின்னமாக உயிருள்ள கோவேறு கழுதை, அதற்குத் தன் பெயரையே வைத்து "சார்லி-ஓ". வேடிக்கைக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு பக்கம் ஊரோடுதான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டே, மறுபக்கம் அணியை எங்கே கொண்டுபோகலாம் என்று தேடிக்கொண்டே இருந்தார். 1964இல் லூயிவில் நகரத்தோடு ஒப்பந்தமே போட்டுவிட்டார். மற்ற முதலாளிகள் சேர்ந்து தடுத்தார்கள். போகத் துடிக்கிற முதலாளிக்கு ஊர்க்காரன் ஏன் டிக்கெட் வாங்க வேண்டும்? 1965இல் எண்ணிக்கை 5.3 லட்சம்தான். கன்சாஸ் சிட்டியில் 13 சீசன் ஆடியதில் ஒரே ஒரு சீசனில்கூட அணி தோற்றதைவிட அதிகமாக ஜெயித்தது கிடையாது.

1968இல் ஃபின்லி ஓக்லாண்டுக்குக் கிளம்பினார். மிசூரி மாநில செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன் அப்போது சொன்னது பிரபலம்: ஹிரோஷிமாவுக்குப் பிறகு ஓக்லாண்ட் மாதிரி அதிர்ஷ்டக்கார நகரம் வேறில்லை என்றார். கொடூரமான நகைச்சுவைதான், ஆனால் ஊரின் எரிச்சல் அந்த அளவுக்கு இருந்தது. அவர் கொடுத்த அழுத்தத்தில் 1969இலேயே கன்சாஸ் சிட்டிக்கு ராயல்ஸ் என்ற புது அணி கிடைத்தது. அந்த ஊர் இன்றும் அந்த அணியோடுதான் இருக்கிறது. ஊர் பேஸ்பாலை வெறுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஓக்லாண்ட்: ஜெயித்தும் நிறையாத மைதானம்

கன்சாஸ் சிட்டி காலத்தில் சேர்த்த இளைஞர்கள் ஓக்லாண்டில் வளர்ந்து ஆளானார்கள். ரெஜி ஜாக்சன், கேட்ஃபிஷ் ஹன்டர், வைடா ப்ளூ, ரோலி ஃபிங்கர்ஸ். மீசை வைத்தால் 300 டாலர் என்று ஃபின்லி அறிவிக்க, மொத்த அணியும் மீசையோடு ஆடி ஜெயித்தது. இவ்வளவு நடந்தும், சாம்பியனாக இருந்த அந்த மூன்று வருஷத்தில் 1973இல் மட்டும்தான் 10 லட்சம் பேர் வந்தார்கள். அதுவும் 10,00,763, நூலிழையில். 1974இல் 8.45 லட்சம்.

இதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 1958இலிருந்தே இருக்கிறது. ஒரே பிரதேசத்தில் இரண்டு அணி. ஆனால் அதையும் தாண்டி, ஃபின்லி சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே அணியை நடத்தினார். அலுவலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். விளம்பரம் கிடையாது. 1978 சீசன் தொடங்கியபோது முறையான வானொலி ஒப்பந்தம்கூட இல்லை. முதல் சில ஆட்டங்களை ஒலிபரப்பியது பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் 10 வாட் வானொலி நிலையம்!

ஆட்டக்காரர்கள் விஷயமும் அப்படியே. ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய காப்பீட்டுத் தொகையைக் கட்டாததால் 1974 கடைசியில் கேட்ஃபிஷ் ஹன்டரை இழந்தார். 1976இல் ரெஜி ஜாக்சனைக் கைமாற்றினார். அதே ஜூனில் ஜோ ரூடி, ரோலி ஃபிங்கர்ஸ் இருவரையும் தலைக்கு 10 லட்சம் டாலருக்குப் பாஸ்டனுக்கும், வைடா ப்ளூவை 15 லட்சத்துக்கு யாங்கீஸுக்கும் விற்கப் பார்த்தார். கமிஷனர் பவி கூன் தடுத்துவிட்டார். தடுத்து என்ன பிரயோஜனம்? ஒப்பந்தம் முடிந்ததும் ரூடியும் ஃபிங்கர்ஸும் கிளம்பிவிட்டார்கள். 1977இல், அந்த வருஷம்தான் புதிதாகத் தொடங்கிய சியாட்டில் அணிக்கும் கீழே கடைசி இடம். 1979இல் 108 தோல்வி. வருஷம் முழுக்க 3,06,763 பேர். முதலில் சொன்ன 653 பேர் வந்தது இந்த சீசனில்தான்.

கொலீசியத்துக்கு மக்கள் வைத்த பெயர் "கல்லறை மண்டபம்". ஓக்லாண்ட் பேஸ்பால் ஊரே இல்லை என்று பத்திரிகைகள் முடிவே கட்டிவிட்டன.

முதலாளி மாறினார், ஊர் வந்தது

1980இல் ஃபின்லி அணியை வால்டர் ஹாஸுக்கு விற்றார். லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனிக் குடும்பம், அதே வளைகுடாப் பகுதிக்காரர்கள். விலை 1.27 கோடி டாலர். ஹாஸ் குடும்பம் முதலில் செய்தது சாதாரண வேலைகள்தான்: அலுவலகத்தில் ஆள் போட்டார்கள், நல்ல வானொலி ஒலிபரப்புக்கு ஏற்பாடு செய்தார்கள், விளம்பரம் செய்தார்கள், ஊர்ப் பள்ளிகளோடு தொடர்பு வைத்தார்கள். மேனேஜர் பில்லி மார்ட்டினின் முரட்டு ஆட்டம், ஓக்லாண்டிலேயே வளர்ந்த ரிக்கி ஹெண்டர்சனின் ஓட்டம் இரண்டும் சேர்ந்துகொண்டன. 1982இல் 17 லட்சம் பேர். 1988, 89, 90 மூன்று வருஷமும் லீக் சாம்பியன். 1989இல் நிலநடுக்கத்தால் தடைபட்ட அந்த வேர்ல்ட் சீரிஸில் ஜயன்ட்ஸையே வென்றார்கள். 1990இல் வந்தவர்கள் 29,00,217 பேர்.

11 வருஷத்தில் 3 லட்சம் எப்படி 29 லட்சம் ஆனது? அதே ஊர், அதே மைதானம், எதிரே அதே ஜயன்ட்ஸ். மாறியது முதலாளி மட்டும்தான். ஓக்லாண்ட் பேஸ்பால் ஊர் இல்லை என்று சொல்பவர்களுக்கு என்னுடைய பதில் இந்த ஒரு எண்தான்.

ஆனால் ஹாஸின் நல்ல மனசே பின்னால் வினையானது. 1990 வாக்கில் ஜயன்ட்ஸ் அணி மைதானம் கட்ட இடம் தேடியபோது, சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா பகுதியின் பிரதேச உரிமையைக் காசு வாங்காமல் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஜயன்ட்ஸ் அங்கே போகவில்லை. உரிமையையும் திருப்பித் தரவில்லை. இருபது வருஷம் கழித்து அத்லெட்டிக்ஸ் சான் ஹோசே போக நினைத்தபோது அதே உரிமை குறுக்கே நின்றது. சான் ஹோசே நகராட்சி வழக்குப் போட்டது. 1922 தீர்ப்பின் நிழலில் கீழ்நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன, 2015இல் உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது.

1995இல் ஹாஸ் இறந்தார். அதே வருஷம் அமெரிக்கக் கால்பந்து அணியான ரெய்டர்ஸ் ஊருக்குத் திரும்பியது. அவர்களுக்காகக் கொலீசியத்தில் பிரம்மாண்டமான ஒரு இருக்கை அடுக்கைக் கட்டினார்கள். ரெய்டர்ஸ் முதலாளி அல் டேவிஸின் பெயரால் "டேவிஸ் மலை" என்று கேலியாகச் சொல்வார்கள். அதுவரை மைதானத்திலிருந்து தெரிந்த ஓக்லாண்ட் குன்றுகளை அது மறைத்துவிட்டது. பேஸ்பால் ரசிகர்கள் அதைக் கடைசி வரை மன்னிக்கவில்லை.

2022, 2023: மறுபடியும்

2005இல் லூயிஸ் உல்ஃப், ஜான் ஃபிஷர் ஆகியோர் அணியை வாங்கினார்கள். ஃபிஷர் கேப் துணிக்கடைக் குடும்பத்து வாரிசு. பிறகு முழுப் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஃப்ரீமான்ட், சான் ஹோசே, லேனி கல்லூரிப் பக்கம், ஹோவர்ட் டெர்மினல் துறைமுகம் என்று ஒவ்வொரு இடமாகப் புது மைதானத் திட்டம் வந்தது, போனது. பழைய மைதானமோ இடிந்துகொண்டே வந்தது. 2013இல் கழிவுநீர் எதிர்த்து ஏறி ஆட்டக்காரர்களின் அறைக்குள் வந்துவிட்டது. 2023இல் ஒலிபரப்பாளர் அறையில் ஒரு பொஸம் குடியிருந்தது. நாற்றம் தாங்காமல் வெளியூர் வர்ணனையாளர்கள் வேறு அறைக்குப் போனார்கள்.

இதிலும் ரசிகர்கள் விட்டுப் போய்விடவில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2018, 2019 இரண்டு வருஷமும் அணி 97 ஆட்டம் ஜெயித்தது. 2019 அக்டோபரில் நடந்த ஒற்றை நாக்-அவுட் ஆட்டத்துக்கு மேல் அடுக்கின் தார்ப்பாயை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் 54,005 பேர்!

2021க்குப் பிறகு அணியைக் கலைத்தார்கள். மாட் ஆல்சன், மாட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயா என்று சில வாரங்களில் எல்லோரும் போனார்கள். கூடவே சீசன் டிக்கெட் விலையையும் ஏற்றினார்கள். 2022இல் 102 தோல்வி, 2023இல் 112 தோல்வி. 2023 மே 15 அன்று வந்தவர்கள் 2,064 பேர், 1979க்குப் பிறகு அந்த மைதானத்தின் மிகக் குறைந்த எண்ணிக்கை. அதற்கு முந்தைய மாதம்தான் லாஸ் வேகாஸில் இடம் பார்த்துவிட்டதாகக் கிளப் அறிவித்திருந்தது. "ஓக்லாண்டில் வேரூன்றியவர்கள்" என்று விளம்பரம் செய்த அதே கிளப்!

ரசிகனின் நிலைமை இங்கேதான் சிக்கலாகிறது. கோபம் வந்தால் அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், போகாமல் இருப்பது. ஆனால் இந்த விஷயத்தில் அவன் போகாமல் இருந்தால் அது முதலாளிக்குச் சாட்சியாகிறது. "பாருங்கள், யாருமே வரவில்லை, இந்த ஊரில் எப்படி அணி நடத்துவது?" சரி, போனால்? அவன் காசு அதே முதலாளியிடம் போகிறது. போனாலும் தோல்வி, போகாவிட்டாலும் தோல்வி.

இதற்கு ஓக்லாண்ட் ரசிகர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தலைகீழ்ப் புறக்கணிப்பு. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆட்டத்துக்கு எல்லோரும் வந்து மைதானத்தை நிரப்புவது. 2023 ஜூன் 13. முந்தின நாள் 5 ஆயிரம் பேர்கூட வரவில்லை. அன்றைக்கு 27,759 பேர். ரசிகர் குழுக்கள் பணம் திரட்டி அச்சடித்து இலவசமாகக் கொடுத்த பச்சைச் சட்டை, அதில் ஒரே வார்த்தை: "செல்". விற்றுவிட்டுப் போ என்று அர்த்தம். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் மொத்தக் கூட்டமும் மௌனம் காத்தது. பிறகு ஒரே குரலில் அணியை விற்கச் சொல்லி முழக்கம். அன்றைக்கு, லீகிலேயே முன்னணியில் இருந்த டாம்பா பே ரேஸை அத்லெட்டிக்ஸ் 2-1 என்று ஜெயித்தது. தொடர்ந்து ஏழாவது வெற்றி. அந்தப் பச்சைச் சட்டை ஒன்று இப்போது பேஸ்பால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே நாள் நெவாடா மாநில செனட்டில் லாஸ் வேகாஸ் மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் தரும் மசோதா நிறைவேறியது. இரண்டு நாளில் ஆளுநர் கையெழுத்தும் போட்டுவிட்டார். கமிஷனர் ராப் மான்ஃபிரட், ஒரு ராத்திரிக்காவது லீகின் சராசரி அளவுக்குக் கூட்டம் வந்தது நல்ல விஷயம் என்கிற மாதிரி பேசினார். ஓக்லாண்ட்காரர்களுக்கு அது வெந்த புண்ணில் வேல். நவம்பரில் 30 அணி முதலாளிகளும் ஒருமனதாக இடமாற்றத்துக்குச் சம்மதித்தார்கள்.

ஓக்லாண்ட் நகராட்சியும் தாமதம் செய்தது, உண்மைதான். துறைமுகத் திட்டத்துக்கான பேச்சுவார்த்தை வருஷக்கணக்கில் இழுத்தது. குற்றங்களும் வீடின்மையும் பெருகித் தவித்த ஊர், பில்லியனர் ஒருவரின் மைதானத்துக்குச் செலவு செய்யத் தயங்கியதில் ஆச்சரியமில்லை. ஆனால் இதில் எதுவுமே ரசிகர்கள் வராததால் வந்த பிரச்சினை இல்லை.

கடைசி நாளும் அதற்குப் பிறகும்

2024 சீசனின் முதல் ஆட்டத்தன்று ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கொலீசியத்துக்கு வந்தார்கள், ஆனால் உள்ளே போகவில்லை. கார் நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டி, கொட்டடித்து, முழக்கம் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டம். 46,889 பேர். ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் சம்பிரதாயப் பந்து வீசினார்கள். டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் மார்க் காட்சே மைதான நடுவில் நின்று நன்றி சொல்லி, ஊர் பெயரைச் சொல்லிக் கடைசியாக ஒரு முழக்கம் எழுப்ப வைத்தார். பல பேர் மைதானத்து மண்ணை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ரிக்கி ஹெண்டர்சன் அந்த டிசம்பரிலேயே காலமானார்.

2025இலிருந்து அணி, வேகாஸ் மைதானம் கட்டி முடியும் வரை, சாக்ரமென்டோ பக்கத்தில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறது. சுமார் 14 ஆயிரம் பேருக்கான இடம். பெயரில் எந்த ஊரும் கிடையாது, வெறும் "அத்லெட்டிக்ஸ்". முதல் ஆட்டத்திலேயே சிகாகோ கப்ஸிடம் 18-3. அந்த சீசனில் சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 10 ஆயிரம் பேர்கூட வரவில்லை. ஓக்லாண்டில்தான் கூட்டம் வராது என்று சொன்னவர்கள் இப்போது என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

ஓக்லாண்டில் இன்னொன்றும் நடந்தது. பாலர்ஸ் என்ற பெயரில் ஒரு சின்ன அணியைத் தொடங்கினார்கள். மேஜர் லீக் அணிகளைச் சாராத பயனியர் லீகில், 2024இலிருந்து, மேற்கு ஓக்லாண்டின் ரைமொண்டி பூங்காவில் ஆடுகிறது. ரசிகர்களே பங்கு வாங்கியிருக்கிறார்கள். 2025இல் லீகையே ஜெயித்துவிட்டது.

ஓர் அணியின் மவுசு குறைந்தது என்று எங்கேயாவது ஒரு கூட்டக் கணக்கைப் பார்த்தால், அது ஊரைப் பற்றிய கணக்கா, முதலாளியைப் பற்றிய கணக்கா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 1948 பிலடெல்ஃபியா, 1955 கன்சாஸ் சிட்டி, 1990 ஓக்லாண்ட் எல்லாம் அதே ஊர்கள்தான். அங்கே வந்தவர்கள் அதே ஜனங்கள்தான். இருபதாவது தெரு மாடியிலிருந்து பார்த்தவனை எந்த எண்ணிக்கையிலும் சேர்க்கவில்லை. 653லும் இல்லை, 2,064லும் இல்லை, வீட்டில் வானொலியைத் திருகி ஆட்டம் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தவன்.